டாக்டர் மெருகேற்றிய பிரேக்

"நானே பாத்துக்கறேன்" என்று ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். நம் தெருவிலேயே உண்டு, சில சமயம் நம் வீட்டுக் கண்ணாடியிலும் தென்படும். குழாய் ஒழுகினால் மற்றவர்கள் குழாய்க்காரரைக் கூப்பிடுவார்கள். இந்த இனத்தைச் சேர்ந்தவர் முதலில் சட்டைக் கையை மடிப்பார், பிறகு "இதுக்குப் போய் ஆளா?" என்று கேட்பார், பிறகு ஸ்பேனரைக் காணோம் என்று வீட்டையே இரண்டு பண்ணுவார், கடைசியில் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது "வாஷர் சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்வார். தப்பு எப்போதும் வாஷர் மேல்தான். கை மேல் தப்பு இருந்ததாக இதுவரை சரித்திரமே இல்லை.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

நம்மவர் பல் டாக்டர். வீட்டின் முன்பகுதியிலேயே கிளினிக். ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் அவர் கை போய்வந்திருக்கிறது. தொழிலில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். சொத்தையை அடைத்தால் அடைத்ததோடு விடமாட்டார். நாக்கு பட்டால் வழுக்க வேண்டும் என்று பாலிஷ் போட்டுத்தான் ஆளை நாற்காலியிலிருந்து இறக்குவார். "வேலைன்னா ஃபினிஷிங் வேணும்" என்பது அவருடைய வேதவாக்கு.

அவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. சிவப்பு நிறம், இருபத்தாறு வயது, இரண்டே இருக்கை. ஓட்டுகிற இருக்கையில் அவர் உட்காருவார். பக்கத்து இருக்கையில் அவருடைய டூல் பாக்ஸ் உட்காரும். வாங்கி நான்கு வருஷமாகிறது, அந்த இருக்கையில் அவர் மனைவி ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அந்த அம்மாள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளையை அது நடந்துவரும் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமான புதிதில் டாக்டர் தன் ஸ்கூட்டரின் பிரேக் ஒயரைத் தானே இழுத்துக் கட்டி, அவரைப் பின்னால் உட்காரவைத்து மலைப்பாதையில் உச்சித் திருப்பம் வரை கூட்டிப்போனார். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது ஒயர் கையோடு வந்தது, இருவரும் ஒரு முள்வேலிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அம்மாள் இருபத்தைந்து வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, மறக்கவும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்தாவது கல்யாண நாள். அதே மலைப்பாதை, மேலே அதே திருப்பம், இந்தத் தடவை சிவப்பு வண்டியில் என்று டாக்டர் மூன்று மாதமாக மனசுக்குள் திட்டம் போட்டிருந்தார். டூல் பாக்ஸ் உட்கார்ந்த இடத்தில் மனைவி உட்கார வேண்டும். ஒரு மனிதனுக்கு இது பேராசையா, சொல்லுங்கள்?

ஆனால் வண்டிக்கு வேறு யோசனை. பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் குளிரில் வந்தவன் கை மாதிரி நடுங்கியது. கரகரவென்று ஒரு சத்தம் வேறு. முதல் மாதம் அதை "பழைய வண்டியோட கம்பீரம்" என்றார். இரண்டாவது மாதம் ரோடு சரியில்லை என்றார். மூன்றாவது மாதம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், முன் சக்கரங்கள் இரண்டிலும் பிரேக் டிஸ்க் கோடு கோடாகத் தேய்ந்து, ஓரத்தில் விளிம்பு கட்டி நின்றது. சக்கரத்தோடு சுற்றுகிற அந்த இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். தட்டே தேய்ந்துவிட்டால் பேடு எதைக் கவ்வும்? டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தையும் மனைவியிடம் அவிழ்த்தார்.

"மெக்கானிக் மாத்தினா ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார் மனைவி.

"நான் மாத்தினா?"

"நீங்க மாத்தினா நீங்க போயிட்டு வாங்க. நான் வாசல்ல நின்னு கை காட்டறேன்."

போதாதா? இனத்தின் ரத்தம் கொதித்துவிட்டது. நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே செல்போனில் வீடியோ பார்த்தார். நாலு போல்ட்டு, அரை மணி வேலை. அந்த வீடியோக்காரரின் கை அத்தனை சுத்தமாக இருப்பது ஏன் என்று அவர் யோசிக்கவே இல்லை. நாமும் யோசிப்பதில்லை.

இதற்கு நடுவே வெள்ளிக்கிழமை ஒரு சம்பவம். தெருக்கோடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். கடைவாய்ப் பல்லுக்கு மாட்டியிருந்த தொப்பி, அதாவது கேப், கழன்றிருக்கிறது. மனிதர் பம்பர் ஒட்டுகிற பசையை எடுத்துத் தானே ஒட்டிக்கொண்டுவிட்டார். ஈறு வீங்கி, பல்லை எடுத்தே தீர வேண்டிய கதி. டாக்டருக்கு வந்ததே கோபம்! மெக்கானிக் வாயில் இரண்டு கருவியும் ஒரு குழாயும் இருந்த நேரமாகப் பார்த்து அரைமணி நேரம் பாடம் நடத்தினார். இதெல்லாம் நீங்களே செய்கிற வேலையா, இதற்கென்று படித்தவர்கள் எதற்கு இருக்கிறோம், ஒரு போன் பண்ணக்கூடாதா, என்ன தைரியம் உங்களுக்கு. வாய் திறந்தபடி இருந்த மெக்கானிக் "ஆ" என்றார். பல்லை எடுத்து, நாலு நாளைக்கு வாயை அகலமாகத் திறக்கக்கூடாது, வாய்விட்டுச் சிரிக்கவே கூடாது, தையல் பிரிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். அனுப்பிவிட்டு, மறுபடி பிரேக் வீடியோவை விட்ட இடத்திலிருந்து பார்த்தார். உறைத்ததா என்று கேட்கிறீர்களா? உறைத்தால் அது அந்த இனமே இல்லை.

சனிக்கிழமை காலை மனைவி பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று கிளம்பிப் போனதும், கார் ஷெட்டில் வேலை ஆரம்பித்தது. அரை மணி வேலை என்பதால் பத்தரைக்கு ஒரு நோயாளிக்கு நேரம் கொடுத்திருந்தார். பத்தரைக்கு முதல் டிஸ்க்கே கழலவில்லை. அதைப் பிடித்திருந்த சின்ன ஸ்க்ரூ துருவேறி, தலை மழுங்கி, 'நான் பிறந்ததே இங்கேதான்' என்று உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விட்டார். தட்டினார். கெஞ்சினார். கிளினிக் உதவியாளர் வந்து, பேஷன்ட் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார் என்றார். மூடிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

ஒன்று சொல்ல வேண்டும், வேலையில் நேர்த்தி இருந்தது. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்டால் பிரேக் ஆயில் குழாய் இழுபடும் என்று, பல்லுக்குக் கிளிப் போடுகிற கம்பியால் அதை அழகாகக் கட்டித் தூக்கிவைத்தார். பின்பக்க போல்ட்டைப் பார்க்க வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியை விட்டார். பழக்க தோஷத்தில் ஒருதரம் "கொஞ்சம் பெரிசாத் திறங்க" என்றுகூடச் சொன்னார். மதியம் இரண்டு மணிக்கு, அடுத்த தெருவரை கேட்ட ஒரு சம்மட்டி அடியில் பழைய டிஸ்க் கழன்று விழுந்தது. இரண்டாவது டிஸ்க் அவமானப்பட விரும்பாமல் சீக்கிரமே வந்துவிட்டது. புது டிஸ்க்குகளின் மேலிருந்த எண்ணெய்ப் பூச்சை வீடியோவில் சொன்னபடி சுத்தமாகத் துடைத்து மாட்டினார். புது பேடு போட்டார். வண்டி எடுக்குமுன் பிரேக்கைப் பத்துத் தடவை மிதித்து இறுக்க வேண்டும் என்பதைக்கூட மறக்கவில்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் ஊரே பாராட்டியிருக்கும், எனக்கும் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் மாட்டிய டிஸ்க்கைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். வெறும் இரும்பு. சொரசொரவென்று. மழை பட்டால் துரு பிடிக்குமே? வேலைன்னா ஃபினிஷிங் வேணுமே? கிளினிக்குள் போய்ப் பல்லுக்குப் போடுகிற பாலிஷ் பசையையும் சின்ன மோட்டாரையும் எடுத்துவந்தார். தேய்த்தார். பிறகு வண்டி உடம்புக்குப் பூசுகிற மெழுகை எடுத்து இரண்டு கோட் கொடுத்து, மெல்லிய துணியால் துடைத்தார். டிஸ்க்கில் அவர் முகமே தெரிந்தது. அந்த முகம் சிரித்தது.

மாலை நான்கு மணிக்கு வண்டியைத் தெருவில் இறக்கினார். முனையில் பிரேக்கை மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தார். வண்டி, போகிற போக்கில் காய்கறிக் கடையை விசாரித்துவிட்டு வருகிற மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில், வெண்டைக்காய்க் கூடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மெழுகு கருகும் வாசனை வந்தது. கடைக்காரர் கூடையை உள்ளே எடுத்துவைத்தார்.

ஊர்ந்து வீடு திரும்பியபோது மனைவி வாசலில் நின்றிருந்தார்.

"பிரேக் புடிக்குதா?"

"பிரமாதம்" என்றார் டாக்டர்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நாளைக்கு நானும் வரேன்" என்றார். பக்கத்து இருக்கையிலிருந்த டூல் பாக்ஸைத் தானே தூக்கிக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான்கு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் டாக்டர் பிரேக் பெடலை மறுபடி ஒருதரம் மிதித்துப் பார்த்தார். தான் ஒருவன் என்றால் ஹேண்ட் பிரேக்கை நம்பி மலை ஏறியிருப்பார், மெழுகு தானாகத் தேய்ந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். இப்போது அந்த இருக்கை காலியாக அவரைப் பார்த்தது. முள்வேலி ஞாபகம் வந்தது. அன்றைக்கு மனைவியின் முழங்கையிலிருந்து முள் எடுத்தது இவர்தான்.

ஐந்து நிமிஷத்தில் வண்டி முதல் கியரில், நத்தை வேகத்தில், தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. வீங்கிய கன்னத்தோடு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கைப் பார்த்தார். விரலால் தடவினார். விரலை மோந்து பார்த்தார்.

"என்ன டாக்டர் தடவினீங்க இதுல?"

"பாலிஷ்... அப்புறம் கொஞ்சம் மெழுகு."

டாக்டர் தலை குனிந்து நின்றார். இதற்கென்று படித்தவர்கள் எதற்கு இருக்கிறோம் என்று தான் நேற்றுச் சொன்னது வட்டியோடு திரும்பிவரப் போகிறது என்று காத்திருந்தார். அவர் நிலையில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பேன். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மெக்கானிக் இரண்டு கையாலும் தாடையை இறுகப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய நின்றிருந்தார். டாக்டர் உத்தரவு. சிரிக்கக்கூடாது.

"பல்லு வழுக்கலாம் டாக்டர்" என்றார் கடைசியில், வாயை அதிகம் திறக்காமல். "டிஸ்க்கு உரசணும். அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்."

மெழுகை எடுத்து, டிஸ்க்கைச் சொரசொரப்பாக்கி, மெழுகு குடித்த பேடைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பேடு மாட்ட ஒன்றே கால் மணி நேரம் ஆனது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். தானும் பசை விஷயத்தை வீட்டில் சொல்லவில்லை என்றார் மெக்கானிக்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்து உட்கார்ந்தார். மலை ஏறினார்கள், பழைய திருப்பத்தில் நின்று பேசினார்கள், இறங்கினார்கள். முள்வேலி இருந்த வளைவில் டாக்டர் பிரேக்கை மிதித்தார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. அவருக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது.

"மெக்கானிக் நல்லாத்தான் பண்ணியிருக்காரு" என்றார் மனைவி, வெளியே பார்த்தபடி.

யார் சொன்னது என்று கேட்டார் டாக்டர்.

"நீங்கதான். ஒழுங்கா முடிஞ்சிருந்தா ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஒவ்வொரு போல்ட்டு கதையும் சொல்லியிருப்பீங்க. ஒத்தை வார்த்தையில 'பிரமாதம்'னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் வரேன்னு சொன்னியா?"

"வரேன்னு சொன்னாத்தானே போவீங்க. உங்க உசிருன்னா நீங்களே பாத்துக்குவீங்க. என் உசிருன்னா மெக்கானிக்கிட்ட போவீங்க. இது தெரியாமலா இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினேன்?"

டாக்டர் மீதி மலையை மிக மெதுவாக இறங்கினார். டூல் பாக்ஸ் இப்போது டிக்கியில் இருக்கிறது.

சிரித்தீர்களா? சிரியுங்கள், உங்களுக்குத் தையல் ஒன்றும் இல்லையே. நான் இதை எழுதுகிற மேசைக்குப் போன வருஷம் நானே கால் போட்டேன். அதனடியில் நான்காக மடித்த ஓர் அட்டை இருக்கிறது, அதைப் பற்றி என் வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. நீங்கள் என்னவோ ஒழுங்கு என்றுதான் வைத்துக்கொள்வோம். ஆனால் நேற்று நீங்களே சரிசெய்தீர்களே ஒன்று, "எப்படி இருக்கு?" என்று வீட்டில் கேட்டதற்கு எத்தனை வார்த்தையில் பதில் சொன்னீர்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.