நான் எண்ணாமல் விட்டவர்கள்

என்னிடம் எதையும் எண்ணச் சொல்லாதீர்கள். பந்திக்கு எத்தனை இலை வேண்டும், கோவிலுக்கு எத்தனை தேங்காய் வாங்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டுவிட்டால், என் மனைவி சமையலறையில் இருந்தபடியே, "அவரைக் கேக்காதீங்க, அப்புறம் ஊரே சுத்திப் போகவேண்டி வரும்" என்று குரல் கொடுப்பாள். அறுபது வயதைத் தாண்டியவனுக்கு இது மரியாதையான நிலை இல்லைதான். ஆனால் அவள் சொல்வதில் தப்பும் இல்லை. பத்தொன்பது வயதில், சரியாக ஒரு வாரம், நான் எண்ணினேன். அதனால் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு வழி இல்லாமல் போனது.

அது முப்பதுகளின் காலம். கோலாலம்பூர் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து வரும் பஸ்கள், ரிக்‌ஷாக்கள், மாட்டு வண்டிகள், புதிதாக மோட்டார் வாங்கிவிட்டு அதை எங்கே ஓட்டுவது என்று தெரியாத பெரிய மனிதர்கள், எல்லாரும் ஏதாவது ஒரு ரயில் கேட்டின் முன்னால் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட அரசாங்க அலுவலகம் ஒன்று பெரிய திட்டம் போட்டது. கிள்ளான் வரைக்கும் சடக்கை, அதாவது ரோட்டை, அகலமாக்குவது, தண்டவாளத்துக்கு மேலே பாலம் கட்டுவது, சின்னச் சின்ன கேட்டுகளை மூடிவிடுவது. அந்த அலுவலகத்தில்தான் நான் தற்காலிகக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். (கிராணி என்றால் குமாஸ்தா. தற்காலிகக் கிராணி என்றால் நாற்காலி இல்லாத குமாஸ்தா.)

பெரிய கிராணி கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டும் கையில் குடையும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அலுவலகத்துக்குள்ளும் குடையை விடமாட்டார். அதன் நுனியால்தான் சுவரில் தொங்கும் வரைபடத்தைத் தொட்டுக் காட்டுவார். ஒருநாள் அந்த நுனி எங்கள் வீட்டருகே இருந்த ரயில் கேட்டின்மேல் வந்து நின்றது.

"இஞ்ச பாரும் தம்பி. இந்தக் கேட்டால ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகினம், வருகினம் எண்டு துரைக்குத் தெரிய வேணும். நிறையப் பேர் எண்டால் நடந்து போக மேல பாலம் போடுவார். கொஞ்சப் பேர் எண்டால் வேலி அடைச்சு மூடுவார். ஆளுக்கு ஒரு கோடு. ஆனை போனாலும் ஒரு கோடு. விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"வெளியில ஒருத்தருக்கும் சொல்லப்படாது. சொன்னால் சனம் வேணுமெண்டே போய் வந்து கணக்கைக் கெடுத்துப்போடும்."

எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ரயில்வே தொழிலாளர் லயம், வரிசை வீடுகள். அங்கேதான் எங்கள் வீடு. அந்தப் பக்கம் பணிமனை, பள்ளிக்கூடம், பாசார் என்கிற சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம். நடுவில் அந்த ஒரு கேட். அப்பா பணிமனையில் ஃபிட்டர். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சக்கரம் சரிந்து அவருடைய இடது முழங்காலை நசுக்கியிருந்தது. கேட் இருந்ததால் சங்கு ஊதிய பிறகு கிளம்பினாலும் நொண்டிக்கொண்டே நேரத்துக்குப் போய்விடுவார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டும் போவார். கேட் இல்லையென்றால் தூரத்தில் தண்டவாளத்தைக் கடக்கும் பெரிய பாலத்தைச் சுற்ற வேண்டும். நல்ல காலுக்கே அது முக்கால் மணி நேர நடை.

ஆனால் கேட்டை ஏன் மூடப் போகிறார்கள்? காலையில் அங்கே தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. என் கணக்கால் பாலம் வரப்போகிறது என்றே நினைத்தேன். அதற்கு என் பெயரை வைக்க மாட்டார்கள் என்று தெரியும். (இருந்தாலும் எப்படி இருக்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்.)

திங்கட்கிழமை காலை, தூறலில், கடன் வாங்கிய கோட்டும் குடையுமாகக் கேட்டருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் ஆளாக வந்தது அம்மா, பாசாருக்குப் போக.

"என்னடா பண்றே இங்க?"

"எண்றேம்மா."

"எதை?"

"போற வர்ற ஆளுங்கள."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆளை எண்ணும் வழக்கமே கிடையாது. சாப்பாட்டுக்குத் தட்டைத்தான் எண்ணுவோம், ஆளை எண்ண மாட்டோம்; எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. நாங்கள் முதலில் நான்கு பிள்ளைகள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி ஒருநாள் விளையாட்டாக எங்கள் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அடுத்த மாதம் மலேரியாக் காய்ச்சலில் தம்பி போய்விட்டான். அதன் பிறகு அம்மாவின் முன்னால் ஆள்கணக்கு பேசும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அந்த இடத்தில் உதவவில்லை.

"உங்கப்பாவ எண்ணாதடா. தங்கச்சிங்கள எண்ணாத. என்னைய வேணா எண்ணிக்க, பரவால்ல."

"உங்களையும் எண்ணலம்மா. போய்ட்டு வாங்க."

தன் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். நாலு பேர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. இடுப்பில் கைக்குழந்தையோடு மருதாயி அக்கா வந்தார். "தம்பி, வீட்டு ஆளுங்கள எண்ணாம விட்டுட்டீங்களாமே. இது பொறந்து மூணு மாசந்தான் ஆவுது. கொஞ்சம் பார்த்து வுட்டுடுங்க." குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் பெயரில் ஒரு கோடு போடுவதற்கு எந்த மனிதனுக்குத்தான் மனது வரும்? விட்டேன். குழந்தையை விட்டுவிட்டுத் தாயை எண்ணுவது அதைவிடக் கொடுமை என்று அவரையும் விட்டேன். அவர் புருஷன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

அடுத்து பால்கார முனியாண்டி அண்ணன் மூன்று மாடுகளோடு வந்து நின்றார்.

"அண்ணே, உங்கள விட்டுடறேன். மாட்டுக்கு மட்டும் கோடு போட்டுக்கறேன். அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு."

"ஏன் தம்பி, மாடு உசுரு இல்லியா? பால் வத்திப்போச்சுன்னா நீங்களா வந்து கறப்பீங்க?"

மாடுகளும் கணக்கிலிருந்து போயின.

புதன்கிழமைக்குள் ஜனங்கள் பழகிவிட்டார்கள். நின்று கேட்கக்கூட வேண்டியதில்லை. கேட்டைத் தாண்டும்போது என் பக்கம் கையை உயர்த்துவார்கள். நான் குடைக்கு அடியில் இருந்து தலையசைப்பேன். அதுவரை "ஏய், ஃபிட்டர் மவனே" என்று கூப்பிட்டவர்களெல்லாம் "வாங்க தம்பி" என்றார்கள். இதை மறைத்து என்ன பயன்? அது எனக்குப் பிடித்திருந்தது. பரீட்சையில் தேறினபோதுகூட யாரும் எனக்கு இத்தனை மரியாதை கொடுத்ததில்லை.

அப்படியானால் யாரைத்தான் எண்ணினேன்? தெரியாதவர்களை. காய்கறிக் கூடை சுமந்து வரும் ஒரு சீனர், மலாய்க்காரத் தபால்காரர், கிடங்குக்குக் காவல் நிற்கும் பஞ்சாபி ஜாகா, வழிதவறி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இவர்களுக்கு மட்டும் மனச்சாட்சிப்படி, போக ஒன்று வர ஒன்று என்று அழுத்தமாகக் கோடு போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பார்த்தேன். ஒரு வாரக் கணக்கு அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. உத்தேசமாகச் சில நூறு கோடுகளைச் சேர்த்துவிடலாமா என்று பென்சிலை எடுத்தேன். உடனே கீழே வைத்தேன். பொய்க்கணக்கு எழுதுவது பாவம் இல்லையா? போகாதவனை எழுதினால்தான் பொய், போனவனை விட்டால் பொய் இல்லை என்று என் பத்தொன்பது வயது மூளை தீர்ப்புச் சொன்னது. தவிர, துரைக்குக் கண் இல்லையா, அந்தக் கூட்டத்தை அவரே பார்த்திருப்பார் என்றும் நம்பினேன். துரை மோட்டாரில் போகிறவர். அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை.

திங்கட்கிழமை துரை என் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தார் போல. கந்தையாவிடம் ஏதோ சொல்ல, அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, லயம் நிறையச் சனம் இருக்கு. அதில ஒருத்தருமே கேட்டைத் தாண்டேல்லையோ? உங்கட சனம் என்ன, பறந்தோ போகினம்?"

வாயைத் திறந்திருக்கலாம். "இல்லைங்க, நான் எண்ணலை" என்று சொல்லியிருந்தால் போதும். இன்னொரு வாரம் வேறு யாரையாவது உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் வேலை போய்விடும் என்று பயந்தேன். ஏன் எண்ணவில்லை என்று கேட்டால், மருதாயி அக்காவின் குழந்தையையும் முனியாண்டியின் மாட்டையும் செத்துப்போன என் தம்பியையும் துரைக்கு இங்கிலீஷில் விளக்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டேன்.

"கணக்கு சரிதான் சார்" என்றேன்.

துரை நீலப் பென்சிலை எடுத்து எங்கள் கேட்டின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். அதைப் போட அவருக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு மாதத்தில் வேலி வந்துவிட்டது. அந்த முதல் நாள் காலை எனக்கு மறக்காது. சங்கு ஊதியது. அப்பா பழக்க தோஷத்தில் கேட்டுக்கே போய்விட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பணிமனை வாசல் திறந்திருந்தது. பிறகு திரும்பி, மழையில், பெரிய பாலத்துப் பக்கம் நொண்டிக்கொண்டே நடந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வர எனக்குத் துணிச்சல் இல்லை.

அதைவிடக் கொடுமை லயத்து ஜனங்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அந்த எண்ணிக்கையால்தான் கேட் மூடியது என்று அவர்களுக்குத் தெரியாது. "நம்ம தம்பி மழைல உக்காந்து எவ்வளவோ எழுதிக் குடுத்துச்சு. அந்த வெள்ளைக்காரன்தான் கேக்கல" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். மருதாயி அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சுற்றிக்கொண்டு போகும்போதும் என்னைப் பார்த்துக் கை உயர்த்துவார். அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கி நாற்காலியும் கொடுத்தார்கள். அதில் உட்கார எனக்குக் கூசியது.

ஒருநாள் சாயங்காலம் அப்பா முழுக்க நனைந்து வந்து, வீங்கிய முழங்காலுக்கு அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா அம்மாவின் கையை விலக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவ கேட்டத் தாண்டினேன்?"

"நாலு தடவப்பா."

"ஒண்ணாவது போட்டிருக்கலாமேடா."

அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "போடாததாலதான் உசுரோட உக்காந்திருக்கீங்க. வேலி போட்டா போட்டுட்டுப் போறான். எம்புள்ள செஞ்சது சரிதான்." உண்மை தெரிந்த பிறகும் என் பக்கம் பேசிய ஒரே ஆள் அவர். அது எனக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழையும்போது, வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "ஒண்ணு!"

அம்மா பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டார். "என்னைய நானே எண்ணிக்கிறேன், கண்ணு படாது" என்றார் அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது. அன்றிலிருந்து தினமும் அதேதான். அவருக்குப் பின்னால் வரும் தங்கைகள் "ரெண்டு", "மூணு" என்பார்கள். மொத்த வீடும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

முழங்கால் ஒத்துழைக்காமல் அப்பா சீக்கிரமே வேலையை விட்டார். அவர் இறந்தபோதும் பாடையைத் தூக்கிக்கொண்டு பெரிய பாலத்தைத்தான் சுற்றினோம். பல வருடம் கழித்து அந்தக் கேட் இருந்த இடத்தில் ஒரு பாலம் வந்தது. அதற்காக யார் உட்கார்ந்து எண்ணினார்கள் என்று தெரியாது. நல்லபடியாக எண்ணியிருக்கிறார்கள்.

வீட்டில் அந்த வழக்கம் மட்டும் நிற்கவே இல்லை. இப்போதும் சாயங்காலம் வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வந்த வரிசைப்படி எண்ணைச் சொல்லிவிட்டு, "எழுதிக்குங்க" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். போன மாதம், புதிதாகக் கல்யாணமாகி வந்த எங்கள் கடைசி மருமகன், வீட்டுப் பழக்கத்தை யாரோ சொல்லிக் கொடுத்ததால், முதல் ஆளாக உள்ளே வந்து உற்சாகமாக "ஒண்ணு!" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பேத்திதான் தலையைத் தூக்காமலே திருத்தினாள்.

"முதல்ல வர்றவங்க ரெண்டு சொல்லணும், சித்தப்பா. ஒண்ணு எப்பவோ வந்துட்டாரு."