அதிகாரி வீட்டு முட்டை

கோழி உட்கார மாட்டேன் என்றது.

கமலக்கண்ணன் அதன் முன்னால் குத்துக்காலிட்டு, எப்படி உட்கார வேண்டும் என்று தானே உட்கார்ந்து காட்டினான். கோழி தலையைச் சாய்த்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையைத் தாண்டி நடந்து போய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறிக்கொண்டது.

"இன்னாங்க, அதுக்கு ட்ரெயினிங் குடுக்கறீங்களா?" என்றாள் மனைவி ஆதிலட்சுமி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"அடைக்கு ஒக்கார மாட்டேங்குதுடி."

"அதுக்கா ஆசை வந்தாத்தான் ஒக்காரும். ஆபீசரு வூட்டு முட்டைன்னு அதுக்குத் தெரியுமா?"

கூடையில் வைக்கோல் மேல் ஆறு முட்டைகள் இருந்தன. கமலக்கண்ணனின் அலுவலக சூப்பரின்டென்டென்ட் சுப்பிரமணியன் சார் வீட்டிலிருந்து வந்தவை. சார் ஒரு ஜோடி கோல்டன் பெசன்ட் வளர்த்தார். மஞ்சள் கொண்டை, சிவப்பு மார்பு, முழ நீள வால். சீனாப் பக்கத்துக் காட்டுக்கோழி. கூண்டில் அடைத்தால் அது ஒழுங்காக அடை காக்காதாம், நாட்டுக்கோழியிடம் கொடுத்தால்தான் பொரியுமாம்.

புதுச்சேரி அரசுக்குச் சொந்தமாக எங்கோ ஆந்திராவுக்குள் கிடக்கும் யானாமுக்கு யாரையோ மாற்றப் போகிறார்கள் என்று ஆபீசில் பேச்சு கிளம்பிய நேரம் அது. "கோழி வளக்கறதா? நமக்குக் கைவந்த கலை சார்" என்று கமலக்கண்ணன் அப்போதுதான் வாயைக் கொடுத்தான். அவன் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோழி. அதுவும் ஆதிலட்சுமி வளர்த்தது. அவனைக் கண்டால் ஓடும்.

யானாமில் தெலுங்கு பேச வேண்டும். அவனுக்குத் தெரிந்த தெலுங்கு 'ஏமண்டி' ஒன்றுதான். அதற்குப் பதில் வந்தால் என்ன செய்வது என்று தெரியாது.

ஆகவே கோழியைப் பிடித்தான். முட்டைகள் மேல் உட்கார வைத்து, இன்னொரு கூடையால் கவிழ்த்து மூடி, மேலே அம்மிக் குழவியை வைத்தான். உள்ளே சின்னதாக ஒரு கலவரம் நடந்தது. திறந்தபோது கோழி அவன் தோளில் ஏறிப் பறந்தது. இரண்டு முட்டைகள் உடைந்து வைக்கோலோடு வைக்கோலாகியிருந்தன.

மறுநாள் ஆபீசில் சார் கேட்டார்: "இன்னா கமலக்கண்ணன், எப்படி இருக்காங்க நம்ம பசங்க?"

"சூப்பரா இருக்காங்க சார். கதகதன்னு இருக்காங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற, தெர்மகோல் பெட்டியில் பல்பு போட்டு முட்டை பொரிக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்தான். வீடியோக்காரன் சின்ன பல்பு என்றான். வீட்டில் இருந்தது பெரிய குண்டு பல்பு. பெரிசுன்னா இன்னும் நல்லதுதானே என்று நினைத்தான். கல்யாண மண்டபம் பிடித்ததிலிருந்து அவன் செய்த தப்புகள் எல்லாமே இந்த ஒரு நினைப்பில்தான் ஆரம்பித்தன. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக இரண்டு முட்டைகளை மட்டும் உள்ளே வைத்தான். தன்னைப் பற்றி அவனுக்கும் கொஞ்சம் தெரியும்.

மறுநாள் காலையில் ஆதிலட்சுமி பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். ஓடு அழகாக உரிந்து வந்தது.

"நல்லா வெந்திருக்கு. மிளகு தூவட்டுமா?"

கோழியே வேடிக்கை பார்த்தபோது அவனுக்கு என்னவோ போலிருந்தது.

"கருவடிக்குப்பத்துல பால் ஊத்துற வீராயி இருக்குதே, அது வூட்டுக் கோழி அடையில இருக்குதாம். மிச்சத்தையாவது அங்க கொண்டு போய் வைங்க" என்றாள் ஆதிலட்சுமி.

மிச்சம் இரண்டையும் டிபன் பாக்ஸில் பழைய பனியனைச் சுற்றி வைத்து, ஸ்கூட்டரில் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கிளம்பினான். முத்தியால்பேட்டையைத் தாண்டும்வரை ஆமை வேகம்தான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான். பதறிப்போய் வேகம் எடுத்தான். எதிரே வேகத்தடை இருந்தது.

வீராயி பாக்ஸைத் திறந்து பார்த்தாள்.

"இன்னா சார், ஆம்லெட்டுக்குக் கலக்கியே எடுத்தாந்துட்ட?"

கமலக்கண்ணன் மாட்டுக் கொட்டகை ஓரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். குழவி, பல்பு, யானாம், ஏமண்டி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். வீராயி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"எங்கோழி அடைக்கு ஒக்காந்து ரெண்டு நாளுதான் ஆவுது, மூணு வாரத்துல பொரிச்சிடும். கூடையோட தூக்கினு போ. ஆபீசருக்கு அத்தக் காட்டு."

"கண்டுபுடிச்சிட்டாருன்னா?"

"குஞ்சுல இன்னா சார் தெரியும்? எல்லாம் பஞ்சு உருண்டைதான்."

தன் வண்டி ஓட்டும் திறமை மேல் அவனுக்கு இனி நம்பிக்கை இல்லை. கோழியும் முட்டையுமாகக் கூடையை ஸ்கூட்டரில் வைத்து வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தான். அன்று சாயங்காலமே ஆதிலட்சுமியின் கோழிக்கு ஆசை வந்து, அவனுடைய ஆபீஸ் பையின் மேல் அடைக்கு உட்கார்ந்தது.

மூன்று வாரத்தில் வீராயி கோழியின் குஞ்சுகள் பொரிந்தன. ஒன்று கூடிப்போய் ஏழு. "ஒண்ணை ஒளிச்சு வைடி" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது.

சுப்பிரமணியன் சார் உள்ளே வந்தார். பின்னால், அவர் வீட்டில் வேலை செய்து பெசன்டுகளுக்குத் தீனி வைக்கும் சுமலதா, அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

சார் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நான் குடுத்தது ஆறு முட்டைதான?"

"ஒண்ணு இரட்டைக் கரு சார்" என்றான் கமலக்கண்ணன். அவன் வாய் அவனைக் கேட்டுப் பேசுவதில்லை.

சார் குஞ்சுகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கமலக்கண்ணனுக்குக் கண்ணெதிரே யானாம் பஸ் வந்து நின்றது.

"த்ரே பியான்! பிரமாதம்!" என்றார் சார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், சந்தோஷம் வந்தால் அப்படித்தான் வரும். ஒரு குஞ்சைக் கையில் ஏந்தினார். கண் கலங்கியது. "இது மூஞ்சியப் பாருய்யா. அப்படியே அப்பன் ஜாடை!"

"மூக்கு மட்டும் அம்மா ஜாடை சார்."

"யானாமுக்கு உன் பேரத்தான் சொல்லி வெச்சிருந்தேன். உன்ன மாதிரி ஆள நான் விடுவேனா? நாளைக்கே இன்னும் ஆறு முட்டை அனுப்பறேன்!" என்று சொல்லிவிட்டு, யாருக்கோ போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டே காருக்குப் போனார்.

கமலக்கண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். இன்னும் ஆறு!

குஞ்சுகளைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த சுமலதா, வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"சார், ஐயா வெச்சிருக்கிற ஜோடி ரெண்டுமே சேவல் சார். முட்டை வெக்கலைன்னா தீனி சரியில்லைன்னு என்னத்தான் திட்டுவாரு, அதான் எங்க வூட்டு நாட்டுக்கோழி முட்டைய எடுத்தாந்து கூண்டுல வெச்சேன். இப்ப எங்க கோழியும் நிறுத்திடுச்சு, உங்க வூட்டுல ஒரு ஆறு முட்டை இருந்தா குடுங்க சார், கூண்டுல வெச்சு நாளைக்கு உங்களுக்கே குடுத்தனுப்பறேன்."