கடற்கரைக் கல்யாணத்துக்குப் போன புலி

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக, கொம்பையா என்றொரு புள்ளிமான் குடும்பத்தோடு வாழ்ந்துவந்தது. அதற்கு இரண்டு மகள்கள். மூத்த மகள் செவந்தியின் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்தியது. காட்டு முறைப்படி முதல் அழைப்பு புலிக்குத்தான். புலி உக்கிரபாண்டியும் மறக்காமல் வந்தது, மணமக்களை வாழ்த்தியது, மேடையேறி போட்டோ எடுத்துக்கொண்டது, போகும்போது மாப்பிள்ளையையும் கவ்விக்கொண்டு போய்விட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய இடம், பகைத்துக்கொள்ள முடியுமா? அன்றிலிருந்து செவந்தி அப்பா வீட்டில்தான் இருக்கிறது.

இப்போது இளைய மகள் மருக்கொழுந்துக்கு வரன் அமைந்தது. இந்த மாப்பிள்ளையாவது முழுசாக வீடு வந்து சேர வேண்டுமே என்பதுதான் கொம்பையாவின் ஒரே கவலை. யோசித்து யோசித்து, வெகு தூரத்தில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் கல்யாணத்தை வைத்தது. கேட்டவர்களிடம், "இப்பல்லாம் டெஸ்டினேஷன் வெட்டிங்தான்" என்றது. சொந்தக்காரர்களைக் கழற்றிவிட மனிதர்கள் கண்டுபிடித்த உபாயம் அது. புலியைக் கழற்றிவிட ஒரு மானுக்கும் உதவட்டுமே.

ஆனாலும் அழைக்காமல் விட முடியாது. "கூப்பிடாட்டா கோவம் வரும். கூப்பிட்டாலும் அவ்வளவு தூரம் வரப்போறதில்ல" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு குகைக்குப் போனது. புலி வராது என்ற தைரியத்தில் உபசாரம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

"அண்ணாச்சி, நீங்க இல்லாம கல்யாணமா? மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து, நாலு நாள் இருந்து நடத்திக் குடுக்கணும்."

உள்ளே இருந்து பெண்புலி காந்திமதி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மான் வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்தது.

"உங்களைக் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இந்தக் குகையையும் அந்த ஓடையையும் விட்டா நான் எதைப் பாத்தேன்? எங்க அக்கா பனிமலைக்குப் போயிட்டு வந்து ஸ்டேட்டஸா போட்டுத் தள்ளுதா. பிள்ளைகளுக்கும் லீவு. நாமளும் போவோம்."

"ஒரு மான் கல்யாணத்துக்கா அவ்வளவு தூரம் போகணும்?"

"கல்யாணத்துக்கு யாரு போறா? நாம டூர் போறோம். நடுவுல ஒரு நாள் அங்க தலையைக் காட்டுதோம்."

சுற்றுலா ஏற்பாடு செய்கிற நரி சாமிக்கண்ணுவை வரவழைத்தார்கள். "புத்திசாலித்தனமான முடிவு அண்ணாச்சி" என்றது நரி. "கல்யாணத்தை நடுவுல வச்சுக்கிட்டா, தங்குறதும் திங்குறதும் பொண்ணு வீட்டுக்காரன் தலையில. போகும்போது அருவி, வரும்போது கோயில். உங்க கைக்காசு வேன் வாடகை மட்டும்தான்."

"அருவிக்குப் போற வழியிலதான் எந்தங்கச்சி வீடு" என்றது உக்கிரபாண்டி.

"உங்க தங்கச்சி வீட்டுல வேன் நிக்கும்னா, எந்தம்பியும் வேன்ல ஏறுவான்" என்றது காந்திமதி.

தம்பி ஏறினால் தம்பி பெண்டாட்டி ஏற வேண்டும். பெண்டாட்டி ஏறினால் பெண்டாட்டியின் அம்மாவை விட்டுவிட்டா போவது? வேன் பஸ் ஆயிற்று. புலிகள் கூட்டமாக வாழ்வதில்லை என்று பாடப்புத்தகத்தில் எழுதியவர்கள், ஓசியில் தங்க இடம் என்றதும் கூடுகிற கூட்டத்தைப் பார்த்ததில்லை.

மறுநாள் கொம்பையாவின் போன் அடித்தது.

"வேய் கொம்பையா, குடும்பத்தோட வாரோம். கடலைப் பாத்த மாதிரி ரூமா போட்டு வையி."

கொம்பையா சாக்குத் தேடியது. "ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. ஆனா உங்களை இவ்வளவு தூரம் அலைய வைக்கணுமான்னுதான்..."

"அலைச்சல் என்னவே அலைச்சல்? நீ இவ்வளவு பிரியமா கூப்பிட்டுட்டு, நாங்க வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"வெயில் வேற கொளுத்துது. மதினிக்கு ஒத்துக்காது."

"தொப்பி வாங்கியாச்சு."

"அப்புறம்... சாப்பாடு சைவம் அண்ணாச்சி."

"அதப் பத்திக் கவலப்படாத" என்றது புலி அன்பாக. "எங்களுக்கு வேண்டியத நாங்களே பாத்துக்கிடுதோம்."

போனை வைத்ததும் கொம்பையா அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு புலிக்குப் பயந்து கடலோரம் ஓடினால், ஒரு பஸ் நிறையப் புலி அங்கே வருகிறது. வராதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நம் வழக்கப்படி அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட உயிரை விடுவது சுலபம். மருக்கொழுந்து அழுதது. மனைவி அழுதது. செவந்தி மட்டும் அழாமல் கேட்டது:

"புலியெல்லாம் அங்க போகுதுன்னா, இங்க யாருப்பா இருக்கா?"

கொம்பையா துள்ளி எழுந்தது. அன்றே ரிசார்ட்டுக்குப் போன் போட்டு, புலிகளுக்கு ரூமை வைத்துக்கொண்டு மண்டபத்தை மட்டும் ரத்து செய்தது.

"பரவாயில்ல சார்" என்றது அங்கே மேனேஜராக இருந்த கீரிப்பிள்ளை. "அதே முகூர்த்தத்துக்கு ஒரு வெள்ளாட்டுக் குடும்பம் மண்டபம் கேட்டு நடையா நடக்குறாங்க. அவங்களுக்குக் குடுத்திடறோம்."

புலிகள் வரப்போவதைச் சொல்லக் கொம்பையா வாயெடுத்தது. பிறகு, "சரி, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டது.

புலிகளின் பஸ் பாட்டுச் சத்தத்தோடு புறப்பட்டுப் போனது. அது கண்ணுக்கு மறைந்ததும் காட்டில் மேளம் கொட்டியது. அப்படி ஒரு கல்யாணத்தை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். புலிகள் திரும்புவதற்குள் பந்தலைப் பிரித்து, வாசலில் கட்டிய வாழை மரங்களையும் மான்களே தின்று தீர்த்துவிட்டன.

அங்கே கடற்கரையில் புலிகள் அலையில் விளையாடிக் களைத்து, முகூர்த்த நேரத்துக்கு மண்டபத்துக்கு வந்தன. வாசல் வளைவில் எழுதியிருந்த பெயர்களை யாரும் படிக்கவில்லை. பந்தி எந்தப் பக்கம் என்றுதான் பார்த்தன.

"பொண்ணுக்குத் தாடி இருக்க மாதிரி தெரியுதே?" என்றது உக்கிரபாண்டி.

"மேக்கப் போட்டா இப்ப எல்லாரும் ஒண்ணு போலத்தான் இருக்காங்க. சும்மா இருங்க" என்றது காந்திமதி.

பெண்ணின் அப்பாவான கிடா புலிகளைப் பார்த்ததும் ஓட வழி தேடியது. ஆனால் வாசல் தேடி வந்தவர்களைக் கேட்காமல் இருக்க முடியுமா? கையைக் கூப்பிக்கொண்டு, "வாங்க, வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றது.

"இன்னும் இல்ல" என்றது உக்கிரபாண்டி.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் புலி கொம்பையாவின் வாசலில் நின்றது. குட்டு உடைந்துவிட்டது என்றே கொம்பையா நினைத்தது. புலியோ ஒரு பெரிய சங்கை நீட்டியது.

"உன் மதினி குடுத்துவிட்டா. கல்யாணம் பிரமாதம்யா. கூட்டத்துல உன்னத்தான் பாக்கவே முடியல. மாப்பிள்ள தங்கமான பையன். ஒரு சத்தம்கூடப் போடல."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றது கொம்பையா.

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து எட்டிப் பார்த்தது புது மாப்பிள்ளை. புலியின் கண் அங்கே போனது. "அது யாரு, புதுசா?"

செவந்தி தங்கையைப் பார்த்தது. பிறகு முன்னால் வந்து, "எனக்குப் பாத்திருக்க மாப்பிள்ள, பெரியப்பா" என்றது.

"அடடே! அப்ப அடுத்த கல்யாணமா? எங்க வச்சிருக்க?"

"கடற்கரையிலதான் அண்ணாச்சி" என்றது கொம்பையா. இந்தமுறை சாக்கு எதுவும் தேடவில்லை. "குடும்பத்தோட வந்துரணும்."

புலி போனதும் செவந்தி கேட்டது. "அங்க ஒரு மாப்பிள்ளையத் தின்னுட்டு வந்திருக்கு. அது யாரு வீட்டு மாப்பிள்ளப்பா?"

கொம்பையா சொன்னது. செவந்தி தேம்பித் தேம்பி அழுதது. முகம் தெரியாத அந்த ஆட்டுப் பெண் இன்று எந்த மூலையில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாப்பா?"

"சொல்லியிருந்தா அவங்களும் இடத்த மாத்தியிருப்பாங்க. புலி பசியோட நேரா நம்ம வீட்டுக்கு வந்திருக்கும்."

கொம்பையாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நிம்மதி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மேட்டுக்கு ஏறிப் போய் ரிசார்ட்டுக்குப் போன் போட்டது.

"அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் வேணும். ஒரு சந்தேகம் தம்பி. நாங்க ரத்து பண்ணிட்டா, வேற யாருக்காவது கண்டிப்பா குடுத்திருவீங்கள்லா?"

நீதி: புலியை எதிர்க்க முடியாதவர்கள் அதைக் குடும்பத்தோடு சுற்றுலா அனுப்பிவைக்கலாம். போகிற ஊரில் நமக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது; இருந்தால் மனசு கொஞ்சம் உறுத்தும்.