தாராளமாகப் போகும்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நெல்லுக்கு அடுத்தபடியாக அமோகமாக விளைகிறவர்கள் ‘போகும்’ ஆசாமிகள். உங்களுக்கும் தெரிந்தவர்கள்தான். எங்கேயாவது ஒரு லாரி தயங்கி நின்றால் போதும், குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடுரோட்டுக்கு வந்து, ஒற்றைக் கண்ணால் உயரத்தை அளந்து, தாராளமாகப் போகும் என்று கையை ஆட்டுவார்கள். ஓட்டியதெல்லாம் மொபெட்டாக இருந்தால் என்ன? கையாட்டுவதற்கு லைசென்ஸா கேட்கிறார்கள்?

இவர்களில் தலையானவர் ஜவுளிக்கடை ஹாஜா மைதீன்.

போன வாரம் பகலவன் என்ற புது டிரைவர், கன்டெய்னர் லாரி நிறைய அரிசி மூட்டைகளோடு எங்கள் ஊர் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து வேளாங்கண்ணிக்குப் போனான். சாயங்காலம் காலி வண்டியோடு திரும்பியவனுக்குப் பாலத்தின் முன்னால் சந்தேகம் வந்துவிட்டது. வண்டியின் கூரை கிழிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இறங்கி அண்ணாந்து பார்த்தான். நல்ல பழக்கம். ஆனால் நாம் விடுவோமா?

"காலையில இதே வண்டிதானே தம்பி போச்சு? ஒரு சாண் இடம் இருக்கு, வா" என்றார் ஹாஜா மைதீன். அவருக்குப் பின்னால் டீக்கடையே கையை ஆட்டியது.

பாவம், நம்பிவிட்டான். நுழைந்ததும் மேலே கிறீச்சென்றது. சட்டென்று பிரேக் போட்டான். காலையில் மூட்டைகளின் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கித் தாழ்ந்திருந்த வண்டி, இப்போது காலியாகி எழும்பி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இது போகாது என்று தமக்கு அப்போதே தெரியும் என்றார் ஹாஜா மைதீன்.

பகலவன் சண்டை போடவில்லை. பின்கதவைத் திறந்தான்.

"கை காட்டுன எல்லாரும் உள்ள ஏறுங்க. பாரம் வேணும்."

வேறு வழியில்லாமல் ஏறினார்கள். வண்டி இரண்டு விரற்கடை தாழ்ந்தது. மெதுவாகப் பின்னால் எடுத்தான். கூரையில் பாலத்தின் சுண்ணாம்புக் காரை கொஞ்சம் ஒட்டியிருந்ததோடு சரி, அவன் வேலை தப்பியது.

இறங்கி அரிசித் தூசியைத் தட்டிய ஹாஜா மைதீன், அடுத்து வந்து தயங்கிய கல்யாண பஸ்ஸைப் பார்த்தார். கை தானாக மேலே போனது.

நீங்கள் சிரிக்கலாம். நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் காரை ரிவர்ஸ் எடுத்தபோது, "வரட்டும், வரட்டும்" என்றது யார்? அந்த லாரியில் இன்னும் இடம் இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள்.