டிவியில் ஓடும் எங்கள் லிப்ட்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
13.8.1986

அன்புள்ள தம்பி அப்புத்துரைக்கு,

தண்ணீர்மலை முருகன் அருளால் நானும் உன் அண்ணி புஷ்பராணியும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் டிவி நாடகம் முடிந்ததும் ‘எழுதியவர்’ என்று உன் பெயர் ஓடுகிறதே, அதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம்.

தம்பி, தைப்பூசத்துக்கு வந்து பத்து நாள் என் வீட்டில் தங்கினாய். உன் அண்ணி தினமும் இடியப்பமும் சொதியும் போட்டாள், நீ சாப்பிட்டுக்கொண்டே ஒரு சின்ன நோட்டில் ஏதோ எழுதினாய். கவிதை என்று நினைத்தேன். என்னைத்தான் எழுதியிருக்கிறாய்! உன் நாடகத்தில் வரும் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் லிப்டைப் பழுதுபார்க்க மீட்டிங் போடுகிறார், எல்லாரும் கறிபாப் பலகாரம் தின்கிறார்கள், அடுத்த மீட்டிங்குக்குத் தேதி வைத்துவிட்டுக் கலைகிறார்கள். எங்கள் சங்கத்திலும் அதுதான் நடக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு என்னுடைய மூக்குக்கண்ணாடியையுமா மாட்டவேண்டும்? போனில் கேட்டால், “நாட்டுல எல்லாத் தலைவரும் அப்படித்தானே அண்ணே, பொதுவா எழுதினேன்” என்கிறாய். மற்றத் தலைவர்கள் யார் வீட்டில் நீ இடியப்பம் தின்றாய்?

போன வாரம் பொறுக்கமுடியாமல், சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி எல்லா வீட்டுக்கும் பொதுவான மொட்டைமாடி ஏரியலைச் செவ்வாய்க்கிழமை மட்டும் கழற்றிவைத்தேன். அத்தனை குடும்பமும் கீழே அப்துல் ரஹீமின் சாப்பாட்டுக் கடை டிவிக்கு இறங்கிவிட்டது. ரஹீம்தான் 24ஆம் தேதி சங்கத் தேர்தலில் என்னை எதிர்த்து நிற்கிறவன். அவனுக்கு நானே கூட்டம் சேர்த்துக் கொடுத்தேன். சரியென்று ஏரியலை மாட்டினால், நேற்று உன் தலைவர் ஒரே மாதத்தில் லிப்ட் ஓடும் என்று வாக்குக் கொடுக்கிறார். இன்று காலை எட்டாம் மாடி சித்தி ஆயிஷா படியிறங்கி வந்து, மூச்சு வாங்க வாசலில் நின்று, “அண்ணே, ஒரு மாசம்னு டிவியில சொன்னீங்கல்ல, நேத்துலேருந்து எண்ணணுமா, இன்னையிலேருந்தா?” என்று கேட்கிறாள். நான் சொல்லவில்லை, நடிகர் சொன்னார் என்றேன். “சொல்லிட்டு இல்லைங்கிறதும் அந்த நாடகத்துல வருதுலா” என்கிறாள்.

எனக்குத் தூக்கமில்லை தம்பி. துறைமுக ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின் என்னை ஒருவர் ‘தலைவர்’ என்று கூப்பிடுவது இந்தப் பதினொரு வருடப் பதவியால்தான். அதுவும் போனால் நான் வெறும் மூன்றாம் மாடிக் கிழவன். ஆகவே வரும் செவ்வாய்க்கிழமை உன் தலைவரை ஒரே ஒரு நல்ல காரியம் செய்ய வை. லிப்ட் வேண்டாம், யாரும் நம்பமாட்டார்கள். படிக்கட்டில் ஒரு பல்பு மாற்றட்டும், போதும்.

உன் மனைவி மக்களுக்கு எங்கள் ஆசி. முருகன் உனக்கு நல்ல புத்தியும், வேறு கதையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் சற்குணம்
தலைவர் (24ஆம் தேதி வரை)

பின்குறிப்பு, 25.8.1986: தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த கடிதத்தை உன் அண்ணி இத்தனை நாள் கைப்பையிலேயே வைத்திருந்தாள். நேற்றுத் தேர்தல் முடிந்தது. நாற்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் நான்தான் மறுபடியும் தலைவர். ரஹீம் கையைப் பிடித்துக் குலுக்கி, “என் ஓட்டும் உங்களுக்குத்தான் அண்ணே. நீங்க போய்ட்டா உங்க தம்பி எதை வச்சு எழுதுவாரு? செவ்வாய்க்கிழமை என் கடையில நிக்க இடமில்லைலா” என்றான். கட்டடம் முழுக்க அதே நினைப்பாம். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. எப்படியோ, மேலே எழுதியதெல்லாம் ரத்து. உன் தலைவர் எந்த நல்ல காரியமும் செய்துவிடாமல் பார்த்துக்கொள். நானும் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.