தொந்தியைக் காணோம்

"அலமாரியில இல்ல. மேசைக்கு அடியில இல்ல. குப்பைக்கூடையில கூடக் கையவிட்டுப் பாத்துட்டேன் டீச்சர். கரடி கால் முளைச்சு நடந்து போயிருந்தாத்தான் உண்டு" என்றார் அட்டெண்டர்.

"அதுக்குக் காலே கிடையாதுண்ணே. இடுப்புக்குக் கீழ இருக்கறது என் கைதான்."

கையில் மாட்டிக்கொள்ளும் பழுப்பு நிறத் துணிக் கரடி அது. வயிறு முன்னால் தள்ளியிருந்ததால் பிள்ளைகள் வைத்த பெயர் தொந்தி. அதன் சொந்தக்காரி அந்த ஆரம்பப் பள்ளியின் ஆலோசகர். ஆலோசகர் என்ற சொல் சின்ன வாய்களுக்குள் நுழையவில்லை. மனசு சரியில்லை என்றால் போகிற அறையில் இருப்பவள் என்பதால் மனசு டீச்சர் ஆகிவிட்டாள்.

அந்த வேலை இன்றோடு நிற்குமா நீடிக்குமா என்று பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வருகிறார். நிற்கும் என்பதில் பி.டி. மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. அறை தனக்குத்தான் திரும்பி வரும் என்று தாண்டும் தடைகளை இப்போதே மூலையில் கொண்டு வந்து சாத்திவிட்டார்.

மனசு டீச்சரிடம் இருந்த ஒரே துருப்பு இரண்டாம் வகுப்பு ரெட்டைப்பின்னல். வீட்டில் அவள் வாய் ஓயாது என்று அம்மா சத்தியம் செய்வாள். பள்ளி வாசலைத் தாண்டினால் வாயில் பூட்டு. எந்த மனிதருக்கும் திறக்காத அந்தப் பூட்டு தொந்திக்கு மட்டும் திறந்தது. அதன் காதருகே குனிந்து அவள் குசுகுசுவென்று பேசுவதை அதிகாரியே நேரில் பார்க்கலாம் என்று மனசு டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போது ரெட்டைப்பின்னல் இருக்கிறாள், அதிகாரி வந்துகொண்டிருக்கிறார், தொந்தியைக் காணோம்.

மனசு டீச்சர் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள்.

தலைமையாசிரியரைப் பிள்ளைகள் 'ம் சார்' என்பார்கள். அவர் பேச்சில் பெரும்பகுதி அந்த ஓர் எழுத்துதான். குட்டையான 'ம்' என்றால் போகலாம். நீளமான 'ம்' என்றால் நிற்க வேண்டும். இந்த வேலை தேவையா என்று அதிகாரி கடைசியில் கேட்கப்போவதும் அவரைத்தான்.

"சார், தொந்தியக் காணோம்."

"ம்?"

"கரடி சார். நேத்து சாயங்காலம் மேசை மேலதான் வெச்சுட்டுப் போனேன். எந்தப் பிள்ளையோ எடுத்திருக்கணும். எல்லார் பையையும் ஒரு தடவ சோதிச்சுப் பாத்துடலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"பைகளச் சோதிக்க வேண்டாம். பிள்ளைங்க மேல சந்தேகப்படறது ரொம்பத் தப்பு."

அவர் வாயிலிருந்து இரண்டு முழு வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் வந்து அவள் கேட்டதில்லை. அவள் வெளியே வரும்போது, அவர் தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கியிருந்தார்.

பயிற்சியில் கொடுத்த கையேடு எதற்கும் கலங்காத நூல். பொம்மை இல்லாவிட்டால் ஒரு காலுறை போதும், குழந்தையின் கற்பனை மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்றது. காலுறை இருந்தது பி.டி. மாஸ்டரிடம். ஸ்கெட்ச் பேனாவால் கண் வரைந்து, கையில் மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். எதிரே அரைவட்டமாகப் பிள்ளைகள். பின்னால், கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு அதிகாரி.

"வணக்கம் குட்டீஸ்! நான்தான் புது நண்பன்!"

பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள். அதுதான் தவறு.

"டீச்சர், இது பி.டி. சார் சாக்ஸ்" என்றான் முன்பல் விழுந்த பையன்.

"தொந்தி எங்க?" என்றாள் இன்னொருத்தி. ரெட்டைப்பின்னல் காலுறையையே பார்த்தாள். உதடு மட்டும் பிதுங்கத் தொடங்கியது.

அந்த உதட்டைப் பார்த்த பதற்றத்தில் மனசு டீச்சர் சொன்னாள்: "தொந்திக்கு லேசா காய்ச்சல். வீட்ல படுத்திருக்கு."

கரடிக்காக அவள் விட்ட முதல் கரடி அது.

"ஒட்டிக்குமா டீச்சர்?"

"எது?"

"காய்ச்சல். நேத்து நான் அதுக்கு முத்தம் குடுத்தேனே."

"நானும்!"

"நான் அது மூக்கக் கடிச்சேன்!"

"லீவு எழுதிக் குடுத்துச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டார் அதிகாரி. அது நகைச்சுவையா விசாரணையா என்று மனசு டீச்சருக்கு விளங்கவில்லை.

இடைவேளைக்குள் செய்தி பள்ளியைச் சுற்றி வந்துவிட்டது. வராந்தா நெடுக ஒருவர் நெற்றியை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறந்துபோன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்த ஒரு தாய், பாட்டிலோடு பிள்ளையையும் சேர்த்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, என் வகுப்புல பாதிப் பேர் தலையக் கவுத்துப் படுத்துட்டாங்க. தொந்திக் காய்ச்சலாம். அப்படி ஒரு காய்ச்சல் இருக்கா என்ன?"

"இல்ல டீச்சர். கரடிக்குக் காய்ச்சல் இல்ல. கரடியே இல்ல."

"அப்ப காய்ச்சல் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல!"

"அப்ப ஏன் படுத்திருக்காங்க?"

ஆலோசகருக்குத் தலை சுற்றியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் சுடத்தான் செய்தது.

வேறு வழியில்லை. வகுப்பு வகுப்பாகப் போய், தொந்திக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தொலைந்துதான் போய்விட்டது என்று சொன்னாள். காய்ச்சல் அந்த நிமிடமே இறங்கியது. பதிலுக்கு அழுகை கிளம்பியது.

கையேடு அசரவில்லை. எடுத்தவர் வெட்கப்படாமல் திருப்பி வைக்க ஒரு கூடை வையுங்கள், மேலே துணி போட்டு மூடுங்கள், யாரையும் கேள்வி கேட்காதீர்கள் என்றது. அவள் வராந்தாக் கோடியில் கூடையை வைத்தாள். எதை எடுத்திருந்தாலும் திருப்பி வைக்கலாம், யார் என்று கேட்க மாட்டோம் என்று கரடியாய்க் கத்திச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் கூடை நிறைந்து வழிந்தது.

துணியை விலக்கிய அட்டெண்டர் கூவினார். "அடேய், ஸ்கூல் மணியோட நாக்கு! இது போனதுலேருந்து மனுஷன் குறடால அடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்!"

பி.டி. மாஸ்டரின் விசில் இருந்தது. சதுரங்கத்தின் இரண்டு ராணிகளும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சரின் கண்ணாடி, தலைமையாசிரியர் அறைக் கதவின் கைப்பிடி, யாரோ பாதி தின்ற பிஸ்கட். தொந்தி மட்டும் இல்லை.

"இத்தனை திருடங்களையா வளத்துக்கிட்டிருக்கோம்?" என்றார் மூன்றாம் வகுப்பு டீச்சர், கிடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

"திருடங்க இல்ல டீச்சர். திருப்பிக் குடுத்தவங்க."

"அதுக்கு மொதல்ல எடுத்திருக்கணும்ல?"

தலைமையாசிரியரே வந்துவிட்டார். யாரிடமும் பேசாமல் கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடிவரை துழாவினார். பின்பு தன் கதவுக் கைப்பிடியைக்கூட எடுத்துக்கொள்ளாமல், வாடிய முகத்தோடு நடந்து போனார்.

"பாவம், மனுஷருக்கும் உள்ள ஈரம் இருக்கு" என்றார் அட்டெண்டர்.

அதிகாரி தேநீர் குடிக்கத் தலைமையாசிரியர் அறைக்குப் போன நேரத்தில், மனசு டீச்சர் கையேட்டின் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். உண்மையை ஒப்புக்கொள்ளும் குழந்தையை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுங்கள் என்பது அது. பிள்ளைகளை மறுபடியும் அரைவட்டமாக உட்கார வைத்தாள்.

"யாரு எடுத்தாலும் தப்பில்ல கண்ணுங்களா. உண்மையச் சொல்றவங்கதான் தைரியசாலி."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்பல் விழுந்தவன் கையைத் தூக்கினான். "நான்தான் எடுத்தேன்."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்பச் சொல்லு ராஜா. எங்க வெச்சிருக்க?"

"தெரியல" என்றான் அவன், நட்சத்திரத்தைத் தடவியபடி.

"நானும் எடுத்தேன் டீச்சர்!"

"இவன் பொய்! இவனுக்கு முந்தியே நான் எடுத்துட்டேன்!"

"நான் நாளைக்கு எடுக்கலாம்னு இருந்தேன்."

"எங்க தங்கச்சி எடுத்துட்டா டீச்சர்."

"உன் தங்கச்சி இன்னும் ஸ்கூலுக்கே வரலியேடா?"

"பரவால்ல, அவளுக்கும் ஒரு ஸ்டார் குடுங்க. நான் கொண்டு போய்க் குடுத்துடறேன்."

நட்சத்திரங்கள் தீர்ந்துபோயின. குற்றவாளிகள் தீரவில்லை. இருந்த ஒரு கரடியை ஒரு வகுப்பே திருடியிருந்தது. மனசு டீச்சர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் பொய் சொல்றாங்க."

அந்தக் குரலை அவள் அதற்கு முன் முழுச் சத்தத்தில் கேட்டதே இல்லை. ரெட்டைப்பின்னல் எழுந்து நின்றிருந்தாள்.

"யாரும் எடுக்கல. ஸ்டாருக்காகச் சொல்றாங்க. தொந்தி வந்தா நான் சொல்லிக்குடுத்துடுவேன்."

மனசு டீச்சருக்குப் புல்லரித்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். குடித்துக்கொண்டிருந்த தேநீரோடு அதிகாரியை அழைத்து வந்தாள்.

"கண்ணம்மா, இப்பச் சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு."

ரெட்டைப்பின்னல் அதிகாரியைப் பார்த்தாள். தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"பேசினா மேடம்! இப்பத்தான் பேசினா! இவங்க எல்லாரும் கேட்டாங்க. கேட்டீங்கல்ல?"

"கேட்டோம்!" என்றது வகுப்பு ஒரே குரலில்.

வழியிலேயே நட்சத்திரக் கதையைக் கேட்டிருந்த அதிகாரி, வரிசையாக மின்னும் நெற்றிகளைப் பார்த்தார். "அந்தக் கரடியத் திருடினதும் இவங்கதானே?"

"ஆமா!" என்றது வகுப்பு, அதே குரலில்.

பள்ளி விடும் நேரத்தில் தலைமையாசிரியர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பி.டி. மாஸ்டர் அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு ஆலோசனை அறைப் பக்கம் போவது தெரிந்தது.

"மறைச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லம்மா" என்றார் அதிகாரி. "இன்னிக்கு நான் பாத்தது ஒரு சாக்ஸ், ஒரு பொய்க் காய்ச்சல், ஒரு கூடை நெறையத் திருட்டுச் சாமான். உங்க மனசு நல்ல மனசுதான். அதுக்காக ஒரு பதவிய வெச்சுக்க முடியுமா?"

மனசு டீச்சர் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போவது ஒரு பக்கம். நாளைக்கு ரெட்டைப்பின்னல் யாரிடம் பேசுவாள் என்பதுதான் பெரிய கவலை.

"நீங்க சொல்லுங்க சார். இந்தப் பதவி உங்க பள்ளிக்கூடத்துக்குத் தேவையா?"

குட்டை 'ம்' வரப்போகிறதா நீள 'ம்' வரப்போகிறதா என்று அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள்.

"தேவை" என்றார் தலைமையாசிரியர்.

அதிகாரியின் பேனா நின்றது. "என்னது?"

"கண்டிப்பா தேவை."

"காரணம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "இருக்கு" என்றார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தலைமையாசிரியர் பரிந்துரையை மீறும் வழக்கம் அலுவலகத்தில் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பிழைத்தோம் என்ற மகிழ்ச்சி வரும் முன்னே குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. எதைப் பார்த்துத் தேவை என்றார்? சாக்ஸையா? கூடையையா? அவள் அறைக்குத் திரும்பியபோது பி.டி. மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தடைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்ததுபோல, தூணுக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள் வந்தாள்.

"நீங்கதானே மனசு டீச்சர்?" உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "நான் ஹெட்மாஸ்டர் வீட்டுக்காரி. கரடி எங்க வீட்லதாம்மா இருக்கு. கோச்சுக்காதீங்க."

மனசு டீச்சர் பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து கைப்பையில வெச்சுக் கொண்டாந்துட்டாரு. மொட்டைமாடியில தனியா உக்காந்து அதுகிட்டப் பேசிக்கிட்டே இருந்தாரு, நான் படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். காலையில திருப்பிக் கொண்டு போய் வெச்சுடணும்னு மறுபடி பையிலதான் வெச்சாரு. நான்தான் அவருக்குத் தெரியாம எடுத்து பீரோவுல பூட்டிட்டேன்."

"நீங்களா? ஏம்மா?"

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கறேன் டீச்சர், கூட வாழ்ந்த இத்தன வருஷத்துல 'ம்'முக்கு மேல பேசாத மனுஷன், தன் சின்ன வயசுக் கதையிலேருந்து ஒண்ணொண்ணா அதுகிட்டச் சொல்லி, நேத்து ராத்திரி எங்க கல்யாணம் வரைக்கும் வந்து நிறுத்தியிருக்காரு!"