அத்தாயி வைத்த பொட்டு

மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டில் ஞாயிறு காலையில் ஆடு மாடுகூட மேயப் போகாது. ஓட்டிவிட ஆள் வேண்டுமே! அத்தனை பேரும் ஒளிச்சாமி என்ற சாமியாரின் கொட்டகையில், கலர் டிவி முன்னால். பெட்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, அம்மன் தொடர் பார்ப்பார்கள். தேவலோகம் என்றால் தகதகவென்று தங்க நிறம். அசுரன் வந்தால் ஒரே நீலப் புகை. பார்க்கக் கண் கோடி வேண்டும்!

அதிலும் ஓர் அதிசயம். கூட்டத்தில் பாவி இருந்தால் அம்மன் நிறமிழந்து கருப்பு வெள்ளையாகி விடுவாள். பாவி ஒரு மூட்டை மிளகு காணிக்கை வைத்தால் மறுபடி தங்கம். அம்மனுக்கு மிளகின் மேல் அப்படி என்ன ஆசையோ, ஒளிச்சாமிக்குத்தான் வெளிச்சம்.

மூன்று வாரமாகச் சாமி கைகாட்டிய பாவி அத்தாயி. மழைக்கு முன் கூரை மாற்ற அவள் வைத்திருந்ததே ஒரு மூட்டை மிளகுதான்.

"குடுத்துரு கண்ணு, ஊருக்கே ஆகாது," என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணாயி.

அத்தாயிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் ஒன்று உறுத்தியது. அம்மனுக்குப் பின்னால் வந்த சோப்பு விளம்பரமும் கருப்பு வெள்ளைதான். சோப்புமா பாவம் செய்தது? சாமியின் வலது கை வேறு எப்போதும் காவித் துண்டுக்குள்ளேயே இருந்தது.

சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி வீட்டில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளில் அண்ணன்காரன் ரிமோட்டை அமுக்கிப் படத்தின் நிறத்தையே எடுத்துவிடுவான். தங்கச்சி பெட்டியின் அடியில் இருக்கும் குட்டிக் கண்ணைக் கையால் பொத்துவாள். அப்புறம் என்ன அமுக்கினாலும் ஒன்றும் மாறாது.

அடுத்த ஞாயிறு மூட்டையோடு போனாள்.

"சாமி, அம்மனுக்கு ஒரு பொட்டு வெச்சுக்கறேனுங்க. இன்னிக்கும் அம்மன் கருத்தா, மூட்டை உங்குளுதுங்க."

"தாராளமா வை தாயே!" மூட்டையைப் பார்த்த வாய் வேறென்ன சொல்லும்?

கெட்டிச் சந்தனத்தை அந்தக் குட்டிக் கண்ணின் மேல் அடை மாதிரி அப்பிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அம்மன் வந்தாள். தங்கம். துண்டுக்குள் கை துடித்தது. தங்கம்! கை நீண்டது, துண்டு கூடாரமாக எழும்பியது. அப்போதும் தங்கம்! சாமியின் முகம்தான் அசுரன் நிறத்துக்குப் போனது. பதறி எழுந்து முன்னால் பாய்ந்தார். துண்டு நழுவ, ரிமோட் கண்ணாயியின் மடியில் விழுந்தது.

அத்தாயி சந்தனத்தை வழித்தெறிந்தாள். ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். அம்மன் கருப்பு. மறுபடி அமுக்கினாள். தங்கம்.

"ஏனுங்க, இப்ப யாரு பாவி?"

கொட்டகை அதிரச் சிரிப்பு. ஒளிச்சாமி புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் காட்டுப் பாதையில் ஓட்டமெடுத்தார்.

கண்ணாயி பொத்தென்று அத்தாயியின் காலில் விழுந்தாள். "தாயே! அம்மனே உன்ற கைக்கு வந்துட்டா!"

"எந்திரிங்க அக்கா," என்றாள் அத்தாயி, மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே. "பொட்டிக்குத்தான் எவனோ அமுக்குனா நெறம் மாறும். உங்க புத்திக்குமா?"